செக்ரோல் பார்க்கும் கண் பேங்கு ஏட்டையும் பார்க்கட்டும்

செக்ரோலில் ஒரு நாள் பேர் விடுபட்டால் கிராணியாரின் மேசை முன் போய் நிற்பவர்கள் நாம். வீட்டுக் கடன் கேட்கப் போன இடத்தில் "உங்கள் கணக்கு சரியில்லை" என்றால் மட்டும் தலை கவிழ்ந்து திரும்பிவிடுகிறோம். அங்கே திரும்பினவர் அடுத்துப் போய் நிற்பது ஆலோங் வாசலில்!

பேங்க் நெகாராவின் 'சிக்ரிஸ்' ஏடு 2001 முதல் இருந்து வருகிறது. கடைசி 12 மாதத் தவணை விவரம் அதில் இருக்கும். பாக்கியில்லாத மாதத்துக்கு 0. ஒரு தவணை நின்றால் 1. கறுப்புப் பட்டியல் என்று பலர் அஞ்சுகிறார்களே, அப்படியொன்று அதில் கிடையாது. நம் விவரத்தைக் காசில்லாமல் வாங்கிப் பார்க்கலாம்.

கட்டிய மாதத்துக்கு 1 விழுந்திருந்தால், அந்த விவரத்தைக் கொடுத்த பேங்குதான் திருத்த வேண்டும். ஆகவே ரசீது நகலோடு அந்தப் பேங்குக்கே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். தனியார் நிறுவன ஏடுகளிலும் திருத்தம் கோர 2010ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது.

உண்மையான பாக்கி என்றால் அது வேறு கதை. "அழித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவனை நம்ப வேண்டாம். ரசீதைத் தொலைக்கும் தோழர்கள்மேல் நமக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. கடிதம் எழுத வராதவர்களுக்குக் கிராணிமார்கள் கை கொடுக்கட்டும்.