ஏர் சஸ்பென்ஷனா, ஹைட்ராலிக்கா?

திருவண்ணாமலை சந்தைக்குத் தக்காளி ஏற்றும் மினி டிரக் அதிகம் குலுங்குகிறது. பட்டையைக் கழற்றிவிட்டு ஏர் சஸ்பென்ஷன் மாட்டலாமா, ஹைட்ராலிக் மாட்டலாமா என்று கேட்கிறார், வாசகர் ஒருவர்.

ரப்பர் பையில் அடைத்த காற்று அமுங்கி, குலுக்கலை வாங்கிக்கொள்ளும். சொகுசு பஸ்களில் இருப்பது இதுதான். எண்ணெய் அப்படி அமுங்காது. டிப்பர் டிரெய்லரைத் தூக்கத்தான் ஹைட்ராலிக் பொருத்தம். தக்காளிக்கு ஏர்தான் நல்லது. ஆனால், பஸ், லாரியில் பிரேக்குக்கே கம்ப்ரசர் உண்டு. மினி டிரக்குக்குத் தனியாக வாங்க வேண்டும். பை ஓட்டையானால் வண்டி வழியிலேயே உட்கார்ந்துவிடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரலாம். எனவே, ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விசாரிக்காமல் பட்டையில் கை வைக்க வேண்டாம்.

முதலில் தேய்ந்த புஷ், ஷாக் அப்சார்பரை மாற்றிப் பாருங்கள். டயரில் காற்று அளவோடு இருக்கட்டும். தக்காளியைக் கிரேட்டில் அடுக்கி, நகராமல் கட்டுங்கள். பாதிக் குலுக்கல் அதிலேயே அடங்கிவிடும்.