அலமாரிக்கு ஏற்ற பிளேயர்

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்த காலத்தை ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஏதாவது ஒரு விசேஷம் வந்தால் போதும், கலர் டிவியும் டெக்கும் வாசலில் வந்து இறங்கும். விடிய விடிய மூன்று படம். நடுவில் ஹெட்டில் அழுக்கேறிப் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், டெக்கோடு வந்தவர் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பார். அதுவரை பாய் விரித்த கூட்டம் அசையாமல் காத்திருக்கும்.

ஜோலார்பேட்டை ரயிலால் வளர்ந்த ஊர். 1864-இல் பெங்களூர்க் கிளைப்பாதை இங்கிருந்து பிரிந்தபோதே இரண்டு பெருநகரச் சந்தைகளுக்கும் நடுவில் இதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. சென்னை பர்மா பஜார் ஒரு பக்கம், பெங்களூர் மெஜஸ்டிக்கின் நேஷனல் மார்க்கெட் மறுபக்கம். தமிழோடு உருதுவும் தெலுங்கும் புழங்கும் தோல் தொழில் வட்டாரம் என்பதால், இங்குள்ள வீட்டு அலமாரிகளில் தமிழ்ப் படத்தோடு இந்திப் படமும் தெலுங்குப் படமும் கலந்தே கிடக்கும். ஒரு படத்தை இரண்டு மூன்று தட்டுகளாகப் பிரித்துத் தந்த விசிடி முதலில் வந்தது, டிவிடி பின்னால் வந்தது. திருட்டு வட்டு பெருகவே 2004-இல் தமிழக அரசு வீடியோ திருடர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2007-இல் மோசர் பேர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று, நேர்வழியில் வாங்குவதை எல்லோருக்கும் கட்டுப்படியாக்கியது. 2015-இல் இயக்குநர் சேரன் தன் படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேரே வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார். இரண்டும் நல்ல முயற்சிகள். நிலைக்காமல் போனது நமக்குத்தான் நஷ்டம்.

இன்று ஹோம் தியேட்டருக்கு உயர்தர டிஸ்க் பிளேயர் வாங்க நினைப்பவருக்கு முன்னால் கடை கிட்டத்தட்டக் காலி. நல்ல பெயர் எடுத்த ஓப்போ 2018-இல் பிளேயர் செய்வதை நிறுத்தியது. சாம்சங், எல்ஜி ஆகியவையும் விலகிவிட்டன. பானசோனிக், சோனி போன்ற சிலவே மிச்சம். ஆனாலும் வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 4கே வட்டில் நொடிக்கு 128 மெகாபிட் வரை தரவு ஓடும். இணையத்தில் வரும் 4கே படம் பெரும்பாலும் 25-ஐத் தாண்டுவதில்லை. இருட்டுக் காட்சியிலும் மழைக் காட்சியிலும் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வட்டில் ஒலியும் நறுக்கப்படாமல் முழுசாக வரும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளியானது. இன்று அதன் பிரதி இல்லை. மௌனப் படங்கள் அநேகமாக அத்தனையும் போய்விட்டன. பிலிமிலிருந்த வெள்ளிக்காகவே பல பிரதிகள் அழிக்கப்பட்டன. அடுத்த தலைமுறைப் படங்களுக்கும் அந்தக் கதி வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஓடிடியில் உரிமம் முடிந்தால் படம் ஒரே இரவில் காணாமல் போகும். லண்டன் ஐங்கரன் வெளியிட்ட டிவிடியோ, பரண்மேல் கிடக்கும் விசிடியோதான் சில படங்களை இன்றைக்கும் நாம் கையில் வைத்திருக்க ஒரே வழி.

ஆகவே பிளேயரை விளம்பரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, வீட்டு அலமாரியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 4கே வட்டில் வந்த தமிழ்ப் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே புது வட்டைப் பிரமாதமாகக் காட்டுவது மட்டும் நமக்குப் போதாது. விசிடியை எல்லாப் புது பிளேயரும் வாசிக்கும் என்று சொல்ல முடியாது. மண்டலப் பூட்டு இன்னொரு தொல்லை: டிவிடியில் இந்தியா 5, வளைகுடா 2, ப்ளூ-ரேயில் இந்தியா சி, வளைகுடா பி, சிங்கப்பூர் ஏ. துபாய் மாமாவோ சிங்கப்பூர் அக்காவோ ஆசையாக வாங்கி வந்தது நம் பிளேயரில் வெறும் எச்சரிக்கை வரியாக நின்றுவிடலாம். 4கே வட்டில் இந்தப் பூட்டு கிடையாது.

காதுக்கும் ஒரு சோதனை உண்டு. சினிமா நொடிக்கு 24 சட்டங்களில் ஓடுகிறது. பால் (PAL) முறை டிவிடியில் அதையே 25 ஆக ஓட்டுவார்கள். 150 நிமிடப் படம் 144-இல் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாத வட்டில் பாட்டு அரைச் சுருதிக்குச் சற்றுக் குறைவாக மேலேறி ஒலிக்கும். இளையராஜா பாடல்களைக் கேசட்டில் கேட்டு வளர்ந்தவருக்கு அது உறுத்தும். இது வட்டிலேயே பதிந்துவிட்ட கோளாறு, எவ்வளவு விலை கொடுத்த பிளேயரும் தானாகச் சரிசெய்துவிடாது. பழைய டிவிடியின் படத்தைப் பெரிய திரைக்கு ஏற்றவாறு தெளிவாக உயர்த்திக் காட்டுவதில்தான் விலை கூடிய பிளேயரின் திறமை தெரியும். காசை அதற்குக் கொடுக்கலாம்.

பெங்களூருக்கோ சென்னைக்கோ வாங்கப் போகும்போது வீட்டிலிருந்து மூன்று வட்டுகளை எடுத்துப் போக வேண்டும்: கீறல் விழுந்த ஒரு விசிடி, பழைய டிவிடி ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்த ப்ளூ-ரே ஒன்று. மூன்றையும் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். லேசர் பழுதானால் உதிரி எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள். போட்டுக் காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.