புகையிலை என்ன புளியா?

மீந்த மணிமருந்தை மறுநாளுக்கு வைக்கக்கூடாது என்பது சிவகாசிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆலங்குளத்துப் பெரியவர்களிடம் புகையிலை பற்றிக் கேட்டுப் பாருங்கள்... புளி மாதிரி, பழசானால்தான் ருசியாம்!

வேடசந்தூர்ப் பக்கம் இலையைக் காயவைத்துக் குவித்துப் புழுங்கவிடுகிறார்கள். மணம் கூடுவது உண்மைதான், மறுக்கவில்லை. கூடுவது மணம் மட்டும்தானா? ஈரத்தில் கிடக்கும் இலையில் பாக்டீரியா சும்மா இருக்காது. நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அது நிக்கோட்டின் வகையறாவோடு சேர்ந்தால் நைட்ரோசமீன். அவற்றில் என்என்என், என்என்கே இரண்டும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று ஐஏஆர்சி 2007லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.

ஸ்வீடன்காரன் தன் ஸ்னூஸைச் சூடாக்கிக் கிருமியைக் கொன்று, கடையில் ஃபிரிட்ஜில் வைத்து விற்கிறான் (அதுவும் நல்லதல்ல என்பது வேறு கதை). நம்மவர் ஈரத்துணி சுற்றிப் பரணில் வைக்கிறார், அதுவும் பேரன் தூங்கும் அறையில்!