நாற்காலி போட்டாச்சு, முதுகு சாய இடம் எங்கே?

தி.நகர் பக்கம் ஒரு ஜவுளிக்கடையோ பாத்திரக்கடையோ ஏறிப் பாருங்கள். சில கடைகளில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். அதன்மேல் அட்டைப்பெட்டி ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். விற்பனைப் பெண் நின்றுகொண்டிருப்பார்!

கேட்டால், "சட்டப்படி சீட் போட்டாச்சு சார்" என்பார்கள்.

சட்டம் இருப்பது உண்மைதான். 1947ம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க 2021 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா வந்தது. வேலைக்கு நடுவே நேரம் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்கிறது அது. கேரளா 2018லேயே இதைச் செய்துவிட்டது.

'தகுந்த' என்றால் என்ன? உயரம் எவ்வளவு, சாய்மானம் உண்டா என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது. முதுகுக்கு வினையே அங்குதான்.

ஜவ்வு நசுங்குது!

நிற்கும்போது முதுகின் அடிப்பாகம் லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும். உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்னால் சாய்கிறது. வளைவு தட்டையாகிறது. எலும்புகளுக்கு நடுவே 'டிஸ்க்' என்று டாக்டர்கள் சொல்லும் ஜவ்வு முன்பக்கம் நசுங்குகிறது. சாய ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கூன் விழும். "நிமிர்ந்து உட்காரு" என்று அதட்டினால் பத்து நிமிஷம் தாங்கும், அவ்வளவுதான்.

சுவீடன் டாக்டர் ஆல்ஃப் நாச்சம்சன் 1960, 70களில் டிஸ்க்கில் ஊசி செலுத்தி அழுத்தத்தையே அளந்தார். நிற்கும்போது 100 என்றால், சாயாமல் உட்கார்ந்தால் 140. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் 185! 1999ல் வெளியான ஜெர்மனி அளவீட்டில், நிமிர்ந்து உட்காருவதற்கும் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குனிந்தால் அழுத்தம் ஏறுது, பின்னால் சாய்ந்தால் இறங்குது என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு இல்லை.

அப்படியானால் முதுகில்லாத ஸ்டூலைப் போட்டுவிட்டுக் கணக்குக் காட்டுவது என்ன நியாயம்? பில் போடும் இடத்து உயர ஸ்டூல் இன்னும் மோசம். கால் தரையில் எட்டாது. பலகை விளிம்பு தொடையில் அழுந்தி கால் மரத்துப்போகும்.

கல்லாவில் இருக்கும் முதலாளியும் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். அமுங்கிப் போகும் குஷன் நாற்காலியில் ஆசனம் ஆழமாக இருந்தால் முதுகு சாய்மானத்தைத் தொடவே தொடாது. பணம் கொடுத்து வாங்கிய கூன்!

ஆபீசில் துண்டு

சர்க்கார் ஆபீசில் நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு தொங்கினால் அது அதிகாரி நாற்காலி என்று அர்த்தம். அந்தத் துண்டைச் சுருட்டி, பெல்ட் போடும் இடத்துக்குச் சற்று மேலே முதுகுக்குப் பின்னால் வைத்தால் குமாஸ்தாவுக்கும் பிரயோஜனம் உண்டு. காலுக்கு ஒரு பலகை. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு எட்டு நடை. இதுக்கெல்லாம் டெண்டர் விட வேண்டியதில்லை.

கடைக்காரர்களும் அடுத்த தரம் ஸ்டூல் வாங்கப் போகும்போது சாய்மானம் உள்ளதாகப் பார்த்து வாங்கலாமே. சோதனைக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரி ஸ்டூலை எண்ணிவிட்டுப் போகாமல், அட்டைப்பெட்டியை இறக்கிவைத்து, அதே ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பாரா?