பதினைந்து நாள் தொண்டர்கள்

தன்னார்வத் தொண்டரை அரபியில் 'முததவ்விஃ' என்பர். கடமையான நோன்புக்கு அப்பால் ஒருவர் தாமே விரும்பி நோற்கும் நோன்பை 'ததவ்வுஃ' என்று பாடம் கேட்ட மத்ரஸா மாணவர்க்கு இச்சொல் புதிதன்று. தா, வாவ், ஐன் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்தே 'தாஅத்' என்னும் சொல்லும் பிறக்கிறது. தாஅத் என்றால் கீழ்ப்படிதல் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். ஆக, எவருடைய கட்டாயமும் இன்றித் தாமாகவே இணங்கிப் பணிபவர் எவரோ அவரே அரபி மொழியின் கணக்கில் தொண்டர். இணக்கம் இல்லாத இடத்தில் ஆர்வம் மட்டும் இருந்தால் அதற்கு வேறு பெயர் தேட வேண்டும்.

இந்தச் சொல்லாராய்ச்சியில் இறங்கக் காரணம் உண்டு. அயல்நாடு சென்று தொண்டு செய்வது இன்று பெருவழக்காகிவிட்டது. 1958-இல் பிரிட்டனிலும், 1961-இல் அமெரிக்காவிலும், 1965-இல் ஜப்பானிலும் இதற்கென அமைப்புகள் தோன்றின. 1970-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் இத்தகைய ஒன்றை நிறுவத் தீர்மானித்தது. இவை ஆளைத் தேர்ந்து, பயிற்றி, ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் இருத்துபவை. இவற்றின் நிழலில் இப்பொழுது வேறொரு வாணிகம் தழைத்துள்ளது. பள்ளி விடுமுறையில் பதினைந்து நாள். கட்டணம் கட்டினால் போதும். ஒரு சுவருக்குச் சுண்ணம் அடிக்கலாம், அநாதைக் குழந்தைகளோடு ஆடலாம், சான்றிதழோடு திரும்பலாம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வளைகுடாவிலும் வாழும் நம் குடும்பத்துப் பெற்றோர்கள் இதைப் பெருமையோடு பேசக் கேட்கிறேன். பிள்ளையின் புகைப்படத்தைக் காட்டுகிறார்கள். படத்தில் பிள்ளை நடுவில் நிற்கிறான். சுற்றிலும் நிற்கும் குழந்தைகளின் பெயர் கேட்டால் தெரியவில்லை.

இது தொண்டன்று என்பதே என் வாதம். அதை நிலைநாட்ட, அயல்நாட்டில் மெய்யாகவே தொண்டராய் வாழ்வதென்பது நாள்தோறும் எப்படி இருக்கும் என்று முதலில் பார்ப்போம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்றொரு நாடு. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். 1963 முதல் அமெரிக்க அமைதிப்படையின் தொண்டர்கள் அங்கே சென்று வந்திருக்கின்றனர். போய்ச் சேர்ந்ததும் ஏறத்தாழ மூன்று மாதம் பயிற்சி. ஒரு குடும்பத்தோடு தங்கி, உவொலோஃபோ புலாரோ அந்த வட்டாரத்து மொழி எதுவோ அதைக் கற்க வேண்டும். அக்குடும்பம் வந்தவருக்குத் தன் குலப்பெயரோடு ஒரு புதுப்பெயர் சூட்டும். அன்று முதல் ஊரார் அழைப்பது அந்தப் பெயரால்தான். தாய் தந்தையர் இட்ட பெயர் பெட்டிக்குள் இருக்கும் கடவுச்சீட்டில் உறங்கும். பின்னர் இரண்டாண்டுப் பணி. அதற்குக் கிடைக்கும் படி, அவ்வூரார் வாழும் அளவில் வாழ்வதற்குப் போதுமானது மட்டுமே.

விடிந்ததும் கொசுவலையைச் சுருட்டி வைத்து, வாளி நீரில் குளித்து, வெளியே வந்தால் வேலை உடனே தொடங்கிவிடாது. ஸலாம் சொல்ல வேண்டும். ஸலாத்தோடு முடிவதுமில்லை. இரவு எப்படிக் கழிந்தது, வீட்டார் நலமா, பிள்ளைகள் நலமா, வேலை எப்படி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, கேட்கப்பட்டு, விடை சொல்லி நகர வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இதைத் தாவிச் சென்றவனை மரியாதை அறியாதவன் என்றே ஊர் எண்ணும். நண்பகலில் ஒரு பெரிய தாலத்தில் சோறும் மீனும் காய்கறியும் வரும். நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஸஹனைச் சுற்றி அமர்வது போலவே அவர்களும் அமர்கிறார்கள். தன் முன்னே உள்ளதையே வலக்கையால் உண்ண வேண்டும் என்னும் ஒழுக்கமும் ஒன்றே. வீட்டுத் தாய் நடுவிலுள்ள மீனைப் பிய்த்து விருந்தாளியின் பக்கம் தள்ளுவாள். இவள் பிள்ளைக்குக் குறைந்தாலும் விருந்தாளிக்குக் குறையாது. யார் யாருக்குத் தொண்டு செய்கிறார் என்ற கேள்வி அந்தத் தாலத்தின் முன் அமரும்போதே எழ வேண்டும்.

முதல் சில மாதங்களில் அத்தொண்டரால் ஊருக்கு ஆவது ஒன்றுமில்லை. பேச்சு மழலையாய் இருக்கும். தெருப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். பட்டம் பெற்று வந்தவர் ஐந்து வயதுக் குழந்தையிடம் பாடம் கேட்கிறார். ஊர் அவரைச் சுமக்கிறது. எந்த வயல் யாருடையது, எந்தக் கிணற்றில் யார் நீர் எடுப்பர், யாரைக் கேட்காமல் எதைத் தொடக்கூடாது என்பனவெல்லாம் இந்தச் சுமையான மாதங்களில்தான் தெரியவரும். பதினைந்து நாளில் வந்து போகிறவருக்கு ஊரின் மேல் சுமையாய் இருந்த பகுதி மட்டுமே கிட்டுகிறது. பயன்படும் பகுதி தொடங்குமுன் அவர் விமானம் ஏறிவிடுகிறார்.

இரண்டாண்டுக்கென்று வந்தவரும் சறுக்கியதுண்டு. 1961 அக்டோபரில், அதே அமைதிப்படை நைஜீரியாவுக்கு அனுப்பிய முதல் அணி இபதான் நகரில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தது. அவர்களில் ஓர் இளம்பெண், தெருவில் சமைத்துத் தெருவிலேயே வாழும் மக்கள் என்று தாம் கண்டதை வியந்தும் முகம் சுளித்தும் ஓர் அஞ்சலட்டையில் எழுதினார். அட்டை நழுவியது, பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் கையில் கிடைத்தது, பிரதிகள் பரவின, கண்டனக் கூட்டங்கள் எழுந்தன. அப்பெண் நாடு திரும்ப நேர்ந்தது. அவர் கொடியவர் அல்லர். நைஜீரியா விடுதலை பெற்று ஓராண்டே ஆகியிருந்த நேரம். தம் தெருவைத் தம்முடைய விருந்தாளி எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்பதை அந்த மாணவர்கள் அட்டையில் படித்துவிட்டார்கள். இன்று ஒவ்வொரு பிள்ளையின் கைப்பேசியிலும் அத்தகைய அட்டைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எவரும் முகம் சுளிப்பதில்லை என்பதொன்றே வேறுபாடு.

அமெரிக்கா தன் ஆட்களை அனுப்பியது பனிப்போர்க் காலத்து அரசியலால்தானே என்று கேட்பவர்க்கு, ஆம், அதுவும் உண்டு என்பேன். அரசின் நோக்கம் வேறு, கிணற்றடியில் வாளியோடு நிற்பவரின் நோக்கம் வேறு. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது உலகெங்கும் இருந்த அமைதிப்படைத் தொண்டர்கள் ஏறத்தாழ ஏழாயிரம் பேரையும் சில நாட்களுக்குள் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஊரார் எதைத் தாமே செய்யக் கற்றிருந்தார்களோ அதுவே அங்கு எஞ்சியது.

தொண்டர்களை நோக்கியே கடுமொழி பேசிய ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். வியன்னாவில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார் இவான் இல்லிச். 1968-இல் மெக்சிகோவின் குவெர்னவாகாவில், கோடைத் தொண்டுக்கு வரவிருந்த அமெரிக்க மாணவர்களைப் பார்த்து, காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்னும் கருத்துப்பட உரையாற்றினார். நான் அவ்வளவு தூரம் செல்லமாட்டேன். கண்புரை நீக்கும் மருத்துவர் ஒருவர் அங்குள்ள மருத்துவமனை அழைத்து ஒரு வாரம் சென்று வந்தால் அதைத் தூற்றுவது நன்றிகேடு. அவர் கையில் தொழில் இருக்கிறது. அழைத்தவர்க்கு அது தேவைப்படுகிறது. நம் பிள்ளைகளின் கையில் என்ன இருக்கிறது? இதுவரை சட்டியில் சாந்து குழைத்தறியாத பிள்ளை, கொத்தனார் வேலை தேடி அலையும் ஊரில் சுவர் எழுப்பப் போகிறான்.

சுவராவது இடிந்தால் மீண்டும் கட்டலாம். குழந்தைகளிடம் நடப்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே குழந்தைக் காப்பகங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடியது. அந்நாட்டில் அநாதைகள் அவ்வாறு பெருகவில்லை. காப்பகக் குழந்தைகளில் நான்கில் மூவர்க்கு ஏறத்தாழத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர் என்பதை யூனிசெஃப் வெளிப்படுத்தியது. பருவம் எய்துமுன் தந்தையை இழந்த பிள்ளையே 'யதீம்' என்பது ஃபிக்ஹின் இலக்கணம். தந்தை உயிரோடிருக்க, வறுமையால் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்கு அப்பெயர் பொருந்தாது. பெயர் பொருந்தாவிட்டாலும் வருமானம் பொருந்தியது. விருந்தினர் வருகிறார்கள், கட்டணமும் நன்கொடையும் தருகிறார்கள். ஆகவே காப்பகத்துக்குக் குழந்தைகள் தேவைப்படுகிறார்கள். பதினைந்து நாள் மடியில் வைத்துக் கொஞ்சிய அக்கா ஒரு நாள் காணாமற்போவாள். அடுத்த அக்கா வருவாள். அவளும் போவாள். இவ்வாறு எத்தனை முறை அந்தப் பிள்ளை கைவிடப்படலாம் என்று எண்ணிப் பாருங்கள். 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, அநாதை இல்லங்களில் நிகழும் இத்தகைய சுற்றுலாத் தொண்டின் தீங்கைத் தன் தீர்மானத்தில் சுட்டிக்காட்டியது. யதீமின் பொருளைத் தொடுவதையே நெருப்பாய் அஞ்சச் சொல்லிக் கொடுக்கப்பட்ட சமுதாயம் நாம். யதீம் என்னும் பெயரால் நடக்கும் இவ்வாணிகத்தில் நம் பணமும் சேரலாமா?

'நிய்யத் நல்லது, அதற்கான கூலி உண்டு' என்பர். நிய்யத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவம் அறியாதவன் மருத்துவம் பார்த்து, அதனால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால், அவனே அதற்குப் பொறுப்பாளி என்று நம் ஃபிக்ஹு நூல்கள் தீர்ப்புச் சொல்கின்றன. 'நல்லெண்ணத்தோடுதான் மருந்து கொடுத்தேன்' என்னும் வாதம் காஜியின் முன் செல்லாது. உடலுக்கு இந்தச் சட்டம் என்றால், ஒரு குழந்தையின் மனத்துக்கும் ஓர் ஊரின் மானத்துக்கும் இல்லையா?

எவர்தாம் போகலாம் என்று கேட்பவர்க்கு ஒருவரைக் காட்டுகிறேன். அவர் முஸ்லிம் அல்லர், ஜப்பானியக் கிறித்தவர். 1946-இல் ஃபுகுவோகாவில் பிறந்த மருத்துவர் தெத்சு நாகாமுரா. 1984-இல் பெஷாவரில் ஒரு மருத்துவமனைக்குத் தொழுநோய் மருத்துவராக வந்தார். உணர்ச்சியற்ற பாதங்களில் புண் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டார். கடைவீதியில் விற்கும் செருப்புகளை வாங்கிப் பிரித்துப் பார்த்து, நோயாளிகள் கூச்சமின்றி அணியக்கூடிய வகையில், உள்ளூர் வடிவத்திலேயே மெத்தென்ற செருப்பு தைக்கும் பட்டறையை மருத்துவமனைக்குள் ஏற்படுத்தினார். பஷ்தூ மொழி கற்றார். 1991-இல் எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹார் மலைப்பகுதியில் மருத்துவ நிலையம் திறந்தார்.

2000-ஆம் ஆண்டு கொடும் பஞ்சம். கெட்ட நீர் குடித்துக் குழந்தைகள் மாண்டனர். மருந்துப் பெட்டியால் தாகம் தீராது என்று கண்டு கிணறுகள் தோண்டலானார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகள். அதுவும் போதாமற்போகவே, 2003-இல் குனார் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டத் தொடங்கினார். பொறியியல் படித்தவர் அல்லர். தம் மகளின் பள்ளிக் கணக்குப் புத்தகத்தை வாங்கி, ஐம்பதைத் தாண்டிய வயதில், முதலிலிருந்து கணக்குப் படித்தார்! இதைப் படிக்கும் ஆசிரியர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டுகிறேன்.

எந்த முறையில் கட்டுவது? தம் சொந்த மாநிலத்து சிக்குகோ ஆற்றில் 1790-இல் விவசாயிகள் கல்லால் அமைத்த அணையைப் போய்ப் பார்த்து வந்தார். கல்லணை கண்ட நமக்கு அதன் அருமை தெரியும். கரைகளுக்குக் கம்பிக் கூடைகளில் கல் நிரப்பி அடுக்கி, அவற்றின் மேல் வில்லோ என்னும் ஆற்றங்கரை மரங்களை நட்டார். வேர்கள் கல்லைப் பற்றிக்கொள்ளும். கல் அடுக்குவதில் ஆப்கானியர் கைதேர்ந்தவர், வீட்டையே கல்லால் கட்டுபவர். அவர் இல்லாவிட்டாலும் அவர்களே பழுது பார்க்கலாம் என்பதற்காகவே இந்த முறை. 'மர்வாரீத்', அதாவது முத்து, என்று பெயர்பெற்ற அந்தக் கால்வாய் 25 கிலோமீட்டர் நீண்டு 2010-இல் நிறைவுற்றது. இவ்வாறு அவர் செய்த பாசன வேலைகளால் சுமார் 16,000 ஹெக்டேர் நிலம் பச்சை பிடித்தது. ஊரார் வேண்ட, அந்தக் கிறித்தவர் கால்வாய்க் கரையில் பள்ளிவாசலும் மத்ரஸாவும் கட்டித் தந்தார். எதைக் கட்ட வேண்டும் என்று அவர் தாமே முடிவு செய்துகொண்டு வந்திருந்தால் அவை எழுந்திருக்குமா? தாஅத் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை எனக்குக் கிடைக்கவில்லை.

2019 டிசம்பர் 4 அன்று ஜலாலாபாதில் அவரையும் உடனிருந்த ஆப்கானியர் ஐவரையும் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய சவப்பெட்டியை ஆப்கான் அதிபரே தோள் கொடுத்துச் சுமந்தார். 2021-இல் ஆட்சி மாறிய பின்னும் அவரிடம் தொழில் கற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தனர்.

எல்லாரும் முப்பத்தைந்து ஆண்டு அயல்நாட்டில் உழைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். முடியாதவர்கள் பணத்தை அனுப்பட்டும். அங்கேயே இருக்கும் கொத்தனாருக்கும் ஆசிரியைக்கும் அது கூலியாகட்டும். பிள்ளைகள் ஊர் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஊர் பார்க்கவே அனுப்புங்கள். உலகைச் சுற்றிப் பார்ப்பது ஹலாலானதே. அதற்குத் தொண்டு என்னும் போர்வை வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு, என்னிடம் முன்பு அரபு கற்றவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "ஹஜ்ரத், மகன் இந்த மாதிரி ஒரு தொண்டுக்குப் போகிறான். ஸதகாவுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் அவனுக்குப் பயணச் சீட்டு வாங்கலாமா?" என்று கேட்டார். விண்ணப்பத் தாளைப் படித்துக் காட்டச் சொன்னேன். பெயர், வயது, இரத்தப் பிரிவு, உணவில் ஒவ்வாதவை என்று வரிசையாகக் கேள்விகள். அந்நாட்டு மொழி தெரியுமா என்று ஒரு கேள்வியும் இல்லை. என்ன தொழில் தெரியும் என்பதும் இல்லை. கடைசியில் சட்டையின் அளவு கேட்டிருந்தார்கள், சின்னம் பொறித்த சட்டை தருவதற்காக. "ஸதகாப் பணத்தை அதன் உரியவர்களுக்கே கொடுங்கள் தம்பி, சீட்டை உங்கள் பணத்தில் வாங்குங்கள்" என்றேன்.