பாலாற்றுக்குச் சாட்சி சொல்வது யார்?

நீதியின் பக்கம் உறுதியாக நிற்க வேண்டும். சாட்சியம் நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக அமைந்தாலும் அதை மறைக்கலாகாது என்று திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் (4:135) நம்மைப் பணிக்கிறது. இக்கட்டளையை நாம் சொத்துத் தகராறுகளோடும் வழக்கு மன்றங்களோடும் மட்டுமே பொருத்திப் பார்த்துப் பழகிவிட்டோம். ஓர் ஆற்றின் விஷயத்திலும் அது நம்மை நோக்கிப் பேசுகிறது.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாகச் சென்று வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதன் மேற்பரப்பில் மணலே தெரியும். நீர் அடியில் ஓடும். எனவே இங்கு ஆறு கெட்டது என்றால் கிணறு கெட்டது என்றே பொருள். தோலைப் பதப்படுத்தப் பயன்படும் உப்பும் குரோமியமும் கழிவுநீரோடு நிலத்தில் இறங்கியதால் நேர்ந்தது இதுவே. ஊர்களின் சாக்கடையும் மணற்கொள்ளையும் இத்துயரைப் பெருக்கின.

இந்த உண்மை நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் எவ்வாறு நிலைபெற்றது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் அளிக்கப்பட்ட தீர்ப்பு, தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதைக் குறிப்பிடுகிறது. அந்தக் கணக்கு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் நடத்திய ஆய்விலிருந்து பெறப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளில் அது முதன்மையானது. உழவரின் முறையீட்டுக்கு எண்ணிக்கையின் வலிமையைத் தந்தது ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு. ஆயினும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசுக்காக மீண்டும் இழப்பீட்டையும் கண்காணிப்பையும் வலியுறுத்த நேர்ந்தது. அளப்பவர் ஒருமுறை அளந்துவிட்டு ஓய்ந்தால் ஆறு மீளாது.

இங்கேதான் நம் கல்லூரிகளின் கடமை தொடங்குகிறது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தோன்றியது, மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல். இவ்வட்டாரத்தில் கல்வி வளர்ந்ததில் தோல் வணிகப் பெருமக்களின் கொடைக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் கொடையின் நன்மையை நாம் மறுக்கவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் நன்றியுணர்வு சாட்சியத்தை ஊமையாக்கிவிடக் கூடாது.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க 1991இலேயே உச்ச நீதிமன்றம் பணித்தது. பல்கலைக்கழக மானியக் குழு இளங்கலை மாணவர் அனைவருக்கும் அதைப் பாடமாக்கி, களப்பணியையும் அதில் சேர்த்தது. நடைமுறையில் அது பெரும்பாலும் தேர்வுக்கு முன் மனனம் செய்யும் சில பக்கங்களாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் களப்பணியைப் பாலாற்றங்கரைக்குக் கொண்டுசெல்ல எந்தப் புதிய ஆணையும் தேவையில்லை. ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட சில கிணறுகளின் நீரை வேதியியல் துறை பரிசோதிக்கட்டும். உப்பின் அளவையும் குரோமியத்தின் அளவையும் ஆண்டுவாரியாகப் பதியட்டும். முடிவுகளைத் தமிழிலும் உருதுவிலும் எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பாலாற்றுப் படுகையின் கல்லூரிகள் பலவற்றைத் தன்னோடு இணைத்திருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இப்பதிவுகளை ஒருங்கே தொகுக்கலாம். மீட்பு இயலாத காரியமும் அன்று: அதே வேலூர் மாவட்டத்தின் நாகநதிப் படுகையில், நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் நீர்செறிவுக் கிணறுகள் கட்டி நிலத்தடி நீரை உயர்த்தினார்கள்.

இதனால் தொழில் நசியும், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணையும் என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சம் பொய்யன்று. தோல் ஆலைகளிலும் காலணி ஆலைகளிலும் உழைப்போரில் நம் சகோதரிகளும் இருக்கிறார்கள். ஆனால் அளவீடு இல்லாத இடத்தில், பெருஞ்செலவில் கழிவைச் சுத்திகரிப்பவரும் இரவில் திறந்துவிடுபவரும் ஒரே பழியைச் சுமக்கிறார்கள். நேர்மையான ஆலைக்கு நேர்மையான பதிவே பாதுகாப்பு. கெட்ட கிணற்று நீரைக் குடிப்பவரும் அந்தத் தொழிலாளியின் பிள்ளைகளே.

மதீனாவின் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைகொடுத்து வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கியதை நாம் மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். மக்கள் நீரெடுக்கும் இடங்களை அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரிய செயல் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும் அதே குரலில் சொல்ல வேண்டும். பெற்றோர்களே, கல்லூரி நிர்வாகத்தில் இருக்கும் பெரியோர்களே, இவ்வாண்டு உங்கள் கல்லூரி எத்தனை கிணறுகளைப் பரிசோதித்தது என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்பது பதிலானால், அடுத்த பருவத்தில் ஒன்றிலிருந்தேனும் தொடங்கச் செய்யுங்கள். உண்மையைச் சொல்லும் துணிவையும் அதைக் கேட்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.