வலியோடு மலைக்குப் போக வேண்டாம்

தரம் ஏழில் படிக்கும் பிள்ளையொன்று மூன்று வாரமாகப் பாடசாலைக்கு வரவில்லை. விசாரிக்க லயத்துக்குப் போனோம். புற்றுநோய்க் கட்டியால் அம்மாவின் ஒரு பக்க மார்பை அகற்றியிருக்கிறார்கள். அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருக்கிறார்கள். தையல் பிரித்த மறுவாரமே அவர் கூடையைத் தூக்கிவிட்டார். சமையலும் தண்ணீரும் தம்பியும் பிள்ளையின் பொறுப்பு.

"வலிக்கலையா அக்கா?" என்று கேட்டோம்.

"வலிக்குதுதான் டீச்சர். பேர் விழணுமே" என்றார்.

இலங்கைப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். அரசாங்க வைத்தியசாலையில் இதற்கான சத்திரசிகிச்சை இலவசம். ஆனால் அங்கு தாதியர் பார்க்கும் பராமரிப்பு, வீட்டுக்கு வந்ததும் லயத்துக் காம்பராவில் நம் கைக்கு வருகிறது. அதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

சிலரைக் காயத்திலிருந்து நீர் வடியும் குழாயோடும் போத்தலோடும் வீட்டுக்கு அனுப்புவார்கள். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பிறகே அதைத் தொட வேண்டும். வடியும் அளவைத் தினமும் கொப்பியில் எழுதி கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். காயம் சிவந்தாலும், சூடாக இருந்தாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும் கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது.

வலிக்கான மருந்தை வைத்தியர் எழுதிய நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். வலி முற்றிய பிறகு கொடுத்தால் அதை அடக்குவது கடினம். அதற்காகப் பனடோலை அள்ளி விழுங்கவும் கூடாது. அளவு கூடினால் ஈரல் கெடும். கொடுத்த மருந்துக்கு வலி கேட்காவிட்டால் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மேற்கையின் உட்பக்கம் மரத்துப் போவதும் எரிவதும் நரம்பு பாதிக்கப்பட்டதால் வருவது. அது மாதக்கணக்கில் நீடிக்கலாம். அதற்கென்று வேறு மருந்து இருக்கிறது. "பொம்பளைன்னா பொறுத்துக்கணும்" என்ற பேச்சை நாம் விட்டுவிட வேண்டும். வலியில் கிடப்பவர் கையை அசைக்க மாட்டார். அசைக்காத தோள் இறுகிப் போகும். விரலை மடக்கி நீட்டுவது, தலை சீவுவது என்று, கிளினிக்கில் காட்டிக்கொடுத்தபடி மெதுவாகப் பழக வேண்டும்.

நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கை, வருடங்கள் கழித்தும் வீங்கலாம். அந்தக் கையில் ஊசி போடுவதையும் இரத்த அழுத்தம் பார்ப்பதையும் இயன்றவரை தவிர்க்கும்படி தாதியர் சொல்வார்கள். முள் கீறினாலோ அட்டை கடித்தாலோ உடனே கழுவி மருந்திட வேண்டும். சிறு காயத்தாலும் கிருமி ஏறும்.

இப்போது கொழுந்து மலையை நினைத்துப் பாருங்கள். முதுகில் கூடை, இரண்டு கையையும் நீட்டி நாள் முழுக்கப் பறிப்பு, சரிவு, மழை, அட்டை. நிறை குறைந்தால் அரைப்பேர். ஆறாத தோளோடு ஒருவரை அங்கே அனுப்புவது அவருடைய கையையே பறிப்பதாகும். அந்தக் கைதான் அவருக்குச் சோறு போடுகிறது.

ஆகவே தோட்ட நிர்வாகங்களிடம் எமது கோரிக்கைகள் மூன்று. வைத்தியர் குறிப்பிடும் காலம் முழுவதும் ஓய்வும், அக்காலத்தில் குடும்பம் பட்டினி கிடக்காதபடி கொடுப்பனவும் வேண்டும். வேலைக்குத் திரும்பும்போது கூடையும் நிறையும் இல்லாத இலகு வேலை, முழுப் பேரோடு தரப்பட வேண்டும். காயத்துக்கு மருந்து கட்டவும் வலி மருந்து தடையின்றிக் கிடைக்கவும் தோட்ட மருந்தகத்தில் ஏற்பாடு வேண்டும்.

அங்கத்தவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கிளினிக்குக்குப் போகும்போது, "நான் கொழுந்து பறிப்பவள், கூடை சுமப்பவள்" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். எவ்வளவு காலம் பாரம் தூக்கக் கூடாது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்தைத் தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ கொடுங்கள். அது கையில் இருந்தால் துரையிடம் பேசுவது எமக்கு எளிது.

லயத்து அயலவர்களே, முறைவைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள், விறகு கொடுங்கள். அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரட்டும்.